சின்ன வயதில் செய்ததை இன்னும் சுமக்கும் பிள்ளைகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

விடுதிக் காப்பாளர்

பதினோராம் வகுப்புப் பையன். நன்றாகப் படிப்பான், எந்த வம்புக்கும் போகமாட்டான், கிரிக்கெட்டுக்கு மட்டும் எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டான். போன மாதம் ஓர் இரவு, எல்லோரும் படுத்த பிறகு, இடது கண்ணை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு விடுதி மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணுக்குப் படியின் ஆழம் சரியாகப் பிடிபடாது. தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தான். இன்னும் ஒரு படி இருந்தது. விழுந்தான். முழங்காலைத் தட்டிவிட்டு மேலே ஏறிப்போய் மறுபடியும் கண்ணைப் பொத்தினான்.

எட்டு வயதில், பட்டத்துக்காக நடந்த சண்டையில், கணக்குப் பெட்டியிலிருந்த காம்பஸை எடுத்துத் தம்பி மீது வீசியிருக்கிறான். சித்தி மகன், அப்போது ஐந்து வயது. இடது கண் போய்விட்டது. "கை தவறிப் படவில்லை சார். முகத்தைப் பார்த்துத்தான் எறிந்தேன்" என்றான்.

எட்டு வயதில் உனக்கு என்னடா தெரியும் என்றேன். "தெரிந்தது சார்" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம். அந்த இரண்டு சொல்லுக்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கண் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்

நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட குழந்தையைச் சுற்றித்தான் வீடே நிற்கும். அடித்த குழந்தை வெளியே பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும், அதற்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கக்கூட யாருக்கும் நினைவு வராது.

ஒரு பெண், ஒன்பதாவது படிப்பவள், தம்பிக்குச் செயற்கைக் கண் மாற்ற அம்மாவோடு வந்திருந்தாள். குழந்தை வளர வளரக் கண்குழியும் வளரும் என்பதால் அவ்வப்போது புதிதாகச் செய்து பொருத்த வேண்டும். பழையதைக் கழற்றியது அவள்தான். கீழ் இமையை விரலால் லேசாக இழுத்து, வெளியே எடுத்து, கழுவி, கைக்குட்டையில் வைத்தாள். எங்கள் ஆட்களுக்கே அவ்வளவு பதமாக வராது. "கைவேலை நன்றாக இருக்கிறதே" என்று பாராட்டினேன். அவள் அம்மா, "குத்தினதே இவள்தானே, செய்யட்டும்" என்றார். அந்தப் பெண் தலை நிமிரவே இல்லை.

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். தேய்க்காதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மேலே வைத்து, அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்தால் மட்டும் முறை வேறு: அங்கேயே, அந்த நிமிடமே, சுத்தமான தண்ணீரை அரை மணி நேரமாவது விடாமல் ஊற்றிக் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் ஆட்டோ தேடுவது. சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. ஒரு கண்ணில் ஆழமான காயம் என்றால் நல்ல கண்ணும் பின்னால் பாதிக்கப்படலாம். அரிதுதான், ஆனால் மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூட வரும். காப்பாளர் ஐயா, அந்தத் தம்பிக்குக் கண் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

இளைஞர் நீதிக் குழும முன்னாள் உறுப்பினர்

செவிலியர் அம்மா சொன்னவை அவசியமானவை, ஆனால் கேள்வி கண்ணைப் பற்றியது இல்லை. காப்பாளர் "என்ன தெரியும்" என்று கேட்டதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். சட்டமே அப்படிச் சொல்வதில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை எது செய்தாலும் குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செயலின் தன்மையும் விளைவும் புரியும் முதிர்ச்சி அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் 82, 83 ஆகிய பிரிவுகள். இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 20, 21. முகத்தைப் பார்த்து எறிந்தேன் என்பது ஒன்று, கண் திரும்பி வராது என்று அப்போதே அறிந்திருந்தேன் என்பது வேறொன்று. பையன் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறான். உட்கார வைத்து அதைப் பிரித்துக் காட்டுங்கள்.

குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நான் இருந்தபோது ஒரு பையன் வந்தான். ஊர், விவரம் எதுவும் சொல்லமாட்டேன். விசாரணை முடிந்து, அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவானது. அதற்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆவது பிரிவில் இடம் உண்டு. அப்பா கும்பிட்டார். பையன் நகரவில்லை. "அவ்வளவுதானா?" என்று கேட்டான். நிம்மதியில் கேட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

கண்ணைப் பொத்திக்கொண்டு படியில் விழுவதை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது. தன்னைத்தானே தண்டிப்பது அது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பிறகு அந்தத் தம்பியை வரவழைத்து, இருவரையும் உட்கார வைத்து மன்னிப்புக் கேட்கச் செய்யுங்கள். மனம் லேசாகிவிடும்.

தழும்புள்ளவள்

யாருடைய மனம் லேசாகும், ஐயா? கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நான் அடிபட்ட பக்கம். ஆறு வயதில் என் பெரியப்பா மகன் கொதிக்கிற கஞ்சியை என் மீது ஊற்றினான். அவனுக்குப் பத்து வயது. கழுத்திலிருந்து இடது தோள் வரை தழும்பு. வீட்டில் எல்லோரும் சொன்னது, "இவள் ஓடிவந்து பானையைத் தட்டிவிட்டாள்." சொல்லிச் சொல்லி நானும் அதையே நம்பினேன். துறுதுறுவென்று இருந்ததால்தான் இப்படி ஆனது என்று என்னையே திட்டிக்கொண்டு வளர்ந்தேன்.

பத்தொன்பது வயதில், ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவன் என் காலில் விழுந்தான். "நான்தான் ஊற்றினேன், மன்னித்துவிடு" என்று கதறினான். என் கையில் பாயசத் தம்ளர். அதைக் கீழே வைக்கக்கூட இடமில்லாமல் ஒரு கையால் அவன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன். அத்தனை பேரும் "பாவம், எவ்வளவு நல்ல பிள்ளை" என்றார்கள். எனக்கு அப்போதுதான் உண்மை தெரிகிறது, அதற்குள் அவனைத் தேற்ற வேண்டியதும் நானே என்றாகிவிட்டது.

அவன் மீது எனக்குக் கோபம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையை ஒரு பொய்க்குள் வைத்துப் பூட்டிய பெரியவர்கள் மீதுதான் கோபம். அவன் முதலில் ஆயாவிடம், என் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "பானையை அவள் தட்டவில்லை" என்று அவர்கள் என்னிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பதா இல்லையா என்று முடிவு செய்ய எனக்கு அவகாசம் கிடைத்திருக்கும்.

காப்பாளர் சார், அந்தத் தம்பிக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்கும். தன் கண் எப்படிப் போனது என்று அவனுக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறார்கள்?

விடுதிக் காப்பாளர்

சகோதரி, அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இன்று மாலை பையனிடம் கேட்டேன்.

"பட்டத்தின் மூங்கில் குச்சி குத்திவிட்டது என்று அம்மாவும் சித்தியும் சொல்லி வைத்திருக்கிறார்கள் சார். தம்பியும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்கிறான். பட்டத்தைத் தொடவே பயப்படுகிறான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பா விடுதிக்கு வருகிறார். வியாழனன்று அரசு மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போகிறேன், மருத்துவரைக் கேட்ட பிறகுதான் அப்பாவிடம் பேச்சை எடுப்பேன். தம்பியை இப்போதைக்கு வரவழைக்கமாட்டேன். பெரியவர்கள் முதலில் தங்களுக்குள் உண்மையைப் பேசட்டும். பையனிடம் இதைச் சொன்னபோது, "சித்தி ஒத்துக்கொள்ளமாட்டார்கள் சார்" என்றான். சித்தியின் ஊருக்கும் போவேன் என்று சொல்லியிருக்கிறேன்.