குன்னூரில் பூட்டியே கிடக்கும் வீடு: ஓனரைப் பிடிப்பது எப்படி?

தேயிலைச்சரிவு:
பெட்போர்டு பக்கம் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகும் ஓட்டு வீடு. பல வருஷமாகப் பூட்டு. விற்பனை போர்டு இல்லை, புரோக்கர்களுக்கும் தெரியவில்லை. கதவு எண் தகடு போய்விட்டது. கேட் தூணில் வீட்டுப் பெயர் மட்டும் பாசிக்கு அடியில் பாதி தெரிகிறது. ஆன்லைனில் பட்டா பார்க்கப் போனால் சர்வே எண் கேட்கிறது. எங்கே தொடங்குவது?

சங்கிலியும் கல்லும்:
எண்ணைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் சார். அரசின் தமிழ்நிலம் ஜியோ-இன்ஃபோ இணைய வரைபடத்தில் இடத்தைத் தொட்டால் சர்வே எண் வரும். மலையில் சறுக்குவது இங்கேதான். கேட்டருகே நின்று போனில் லொகேஷன் எடுக்காதீர்கள். கேட் ரோடு புறம்போக்கை ஒட்டி இருக்கும். மரத்தடியில் ஜிபிஎஸ் பத்து மீட்டர் விலகினாலே மேல் வீட்டுக்காரர் நிலம் வந்து நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் கூரையைத் தேடி அதன் நடுவில் தொடுங்கள்.

நகராட்சி எல்லைக்குள் என்றால் நகர அளவை: வார்டு, பிளாக், டி.எஸ். எண் மூன்றும் வேண்டும். வெளியே என்றால் சர்வே எண்ணும் உட்பிரிவும். அதை வைத்து வரைபடத்தை எடுத்து ஓடை எந்தப் பக்கம், ரோடு எந்தப் பக்கம் என்று இடத்தோடு ஒத்துப் பாருங்கள். கிராமப் பகுதியில் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) பாருங்கள். புறம்போக்கு என்றிருந்தால் தேடலை அங்கேயே விட்டுவிடலாம்.

பத்திர எழுத்து:
பட்டாவில் வரும் பெயரை ஓனர் என்று நம்பிவிடாதீர்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா ஏராளம். அடுத்து பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பாருங்கள், பார்க்கக் கட்டணம் கிடையாது. பழைய பத்திரங்கள் பழைய சர்வே எண்ணில் பதிவாகியிருக்கும். டி.எஸ். எண்ணில் மட்டும் தேடினால் "பதிவுகள் இல்லை" என்று வரும். அதை வைத்து சொத்து சுத்தம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு எண்ணிலும் தேடுங்கள்.

கடைசிக் கிரையம், செட்டில்மென்ட் அல்லது பாகப்பிரிவினையின் ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். இவை 1-ம் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கான பதிவேடு) பதிவாவதால் பதிவுச் சட்டம் 57-ம் பிரிவின்படி யார் கேட்டாலும் நகல் தருவார்கள். உங்களுக்கு வேண்டிய விலாசம் அதில்தான் இருக்கும்: "இன்ன ஊர், இன்ன தெரு, இன்னார் குமாரர்" என்று.

அந்த விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அரைப்பக்கக் கடிதம் போடுங்கள். சர்வே எண், நீங்கள் யார், போன் நம்பர், அவ்வளவுதான், விலையை எழுதாதீர்கள். திரும்பி வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால்காரர் எழுதும் குறிப்பே தகவல்: "வீடு மாறிவிட்டார்" என்றால் புது விலாசம் தேட வேண்டும், "காலமானார்" என்றால் வாரிசுகளைத் தேட வேண்டும்.

ஹட்டி வாசி:
அண்ணா சொன்னது சரி. கூடவே பக்கத்து வீட்டு வரி ரசீதோடு நகராட்சி பில் கலெக்டரைப் பாருங்கள். அடுத்தடுத்த வரிவிதிப்பு எண்ணில் இந்த வீடு இருக்க வாய்ப்பு அதிகம். வரி இன்னமும் கட்டப்படுகிறது என்றால் எங்கோ ஒரு ஆள் உயிரோடு அக்கறையாக இருக்கிறார் என்று அர்த்தம். ஹட்டி (படுகர் ஊர்) நிலமாக இருந்தால் கூட்டுப் பட்டாவாக இருக்கலாம். ஏழெட்டுப் பெயர் இருக்கும், ஒருவர் சம்மதம் எதற்கும் உதவாது. கிராமப் பகுதி என்றால் மணியக்காரரைக் கேளுங்கள்.

தேயிலைச்சரிவு:
நன்றி. சாவி வைத்திருக்கும் ஒருவர், டோக்கன் கொடுத்தால் ஓனரிடம் பேச வைப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பத்திர எழுத்து:
வேண்டவே வேண்டாம். சாவி இருப்பதால் உரிமை வராது. ஓனரே நேரில் வந்தாலும் பத்திரத்தில் உள்ள பெயர், தகப்பனார் பெயரோடு அடையாள அட்டை பொருந்துகிறதா என்று பாருங்கள். வாரிசு என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும். மைனர் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி. வெளிநாட்டில் இருப்பவர் அங்கே எழுதி அனுப்பும் பவர் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.