‘மூட்டு இயக்கவியல்’ வேண்டாம், ‘மூட்டசைவியல்’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில், மூட்டுகளின் அசைவை மட்டும் பார்க்கும் ‘ஜாயின்ட் கைனமாட்டிக்ஸ்’ என்பதற்கு ‘மூட்டு இயக்கவியல்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். பட்டியல் நீளமானது, அவருடைய அவசரம் புரிகிறது. ஆனாலும் இந்த ஒரு சொல்லில் சற்று நின்று போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பொறியாளர் அல்ல. மார்த்தாண்டத்தில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். இந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் கலங்கிப்போய் என் எதிரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள்.

அவர் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளி. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு வேறொரு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த குறிப்போடு வந்தார். தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்; அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் குறிப்பில் இருந்தது இது: ‘வலது மணிக்கட்டு மூட்டு இயக்கவியல் குறைபாடு’. மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். “மக்களே, இனி என் கை இயங்காதா?” என்று என்னிடம் கேட்டார். அவருக்கு என் அப்பாவின் வயது.

கோணமானியை வைத்து அளந்தேன். மணிக்கட்டைப் பின்னுக்கு வளைப்பது இடது கையில் 70 பாகை, வலது கையில் 40. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது பாதி வழியில் நின்றுவிட்டது. ஆனால் என் கையைப் பிடித்து இறுக்கச் சொன்னபோது நான்தான் போதும் மாமா என்று விடச் சொன்னேன். பலம் போகவில்லை, திரும்பும் அளவு குறைந்திருந்தது, அவ்வளவுதான். “இயக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, அசைவுதான் கொஞ்சம் குறைவு” என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. “அதுதான் எனக்கே தெரியுமே” என்றார்.

நாம் தேடும் வேறுபாடு அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பொருள் எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு திரும்புகிறது, என்ன வேகத்தில் என்று மட்டும் பார்ப்பது கைனமாட்டிக்ஸ். அதை நகர்த்தும் விசை எவ்வளவு, எடை எவ்வளவு என்ற கேள்விகள் அதற்குள் வராது. அவை வந்தால் அது கைனெடிக்ஸ், டைனமிக்ஸ். இந்தப் பிரிவினைக்காகவே பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் 1834-இல், அசைவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அந்தப் பெயரை உண்டாக்கினார். மின்னோட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே ஆம்பியர்தான். விசையைப் பற்றிப் பேசாமலே அசைவைப் படிக்க முடியும், அதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்பது அவர் கண்ட தேவை. தமிழிலும் அதே தேவை இருக்கிறது.

இப்போது நம் கையிலிருக்கும் சொல்லைப் பாருங்கள். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலில் இரண்டாம் அலகு ‘இயக்கவியல்’, அது கைனமாட்டிக்ஸ். அதே வகுப்பில் பின்னால் ‘வெப்ப இயக்கவியல்’ வருகிறது. அங்கே அது டைனமிக்ஸ். அடுத்து ‘வாயுக்களின் இயக்கவியற் கொள்கை’. அங்கே அது கைனெடிக். ஒரே மாணவர், ஒரே ஆண்டு, ஒரே சொல், மூன்று பொருள். ஒரு வகுப்பறைக்குள் ஆசிரியர் விளக்கிச் சமாளித்துவிடுவார். ரோபோக் கையை வடிவமைக்கும் நூலில் கைனமாட்டிக்ஸும் டைனமிக்ஸும் அடுத்தடுத்த அத்தியாயங்கள். இரண்டுக்கும் ஒரே தலைப்பைப் போட முடியாது. மதுரை நண்பர் சொன்ன ‘இயங்கியல்’ ஏற்கெனவே டயலெக்டிக்ஸ் என்ற பொருளில் மார்க்சிய எழுத்தில் ஊறிப்போன சொல். ‘மூட்டு இயங்கியல்’ என்று அட்டையில் கண்டால் வாசகர் வேறு அலமாரியில் கொண்டுபோய் வைப்பார்.

தவிர, ‘இயங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு தள்ளும் சக்தி உட்கார்ந்திருக்கிறது. இயந்திரம் இயங்குகிறது, இயக்குகிறவர் இயக்குநர், நிறுவனம் இயங்கவில்லை. எதையும் இயக்க ஒருவரோ ஒன்றோ வேண்டும். ‘அசை’ அப்படியல்ல. இலை அசைகிறது என்றால் காற்றைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. இலையை மட்டும்தான் பார்க்கிறோம். கைனமாட்டிக்ஸ் பார்ப்பதும் அந்த அளவுதான். எனவே இயக்கவியல் டைனமிக்ஸுக்கே இருக்கட்டும். கைனமாட்டிக்ஸ் அசைவியல். மூட்டுக்கு வந்தால் மூட்டசைவியல்.

‘அசைவு’ என்றால் லேசான ஆட்டம்தானே, ரோபோக் கை ஒரு மீட்டர் வீச்சில் சுழல்கிறதே என்று திருச்சியிலிருந்து ஒரு தோழி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சுசீந்திரத்தில் மார்கழித் தேருக்கு வடம் பிடிக்கும்போது எல்லோரும் காத்திருப்பது தேர் அசைவதற்குத்தான். பத்திரப்பதிவு அலுவலகத்தில் அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று எழுதுகிறார்கள். அசையும் சொத்தில் லாரியும் அடங்கும். அளவு அந்தச் சொல்லுக்குள் இல்லை. ‘அசைவு விபரியல்’ என்ற சொல்லும் இணையத்தில் இருக்கிறது. பொருள் சரி, நீளம்தான் இடிக்கிறது. ‘மூட்டு’ போன்ற சொற்களை முன்னால் சேர்த்தால் வாய்க்குள் அடங்காது.

‘மூட்டு’ என்பதற்குப் பதிலாகக் ‘கணு’ என்று ஒருவர் முன்வைத்திருந்தார். அழகான சொல், கணுக்காலில் இருக்கவும் செய்கிறது. ஆனால் கரும்பின் கணு மடங்காது. மடங்கினால் கரும்பு ஒடிந்துவிட்டது என்று பொருள். இரண்டு துண்டுகளைச் சேர்த்தும் வைக்க வேண்டும், அவற்றுக்கிடையே அசைவையும் விட வேண்டும், அது மூட்டு. எலும்புக்கும் இரும்புக்கும் ஒரே சொல்லாக இருப்பதை நான் பெரிதும் விரும்புகிறேன். ரோபோவின் தோளுக்கும் என் நோயாளியின் தோளுக்கும் கணக்கு ஒன்றுதானே.

அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தமாக விசையை ஒதுக்குகிறது என்பதற்கு ஒரு சான்று. டெனாவிட், ஹார்ட்டன்பெர்க் என்ற இருவர் 1955-இல் ஒரு முறையைத் தந்தார்கள். ரோபோக் கையின் ஒவ்வொரு மூட்டுக்கும் நான்கே எண்கள் போதும்: இரண்டு நீளங்கள், இரண்டு கோணங்கள். கை இரும்பா அலுமினியமா, மோட்டார் எவ்வளவு வலியது என்பதெல்லாம் அந்த நான்கில் இல்லை. முற்றிலும் வடிவக் கணக்கு.

இதன் இரண்டு பக்கங்களுக்கு நாம் பெயர் வைக்க வேண்டும். முதல் பக்கம் எளிது. மேற்கை 30 செ.மீ., முன்கை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழங்கையை நிமிர்த்தினால் தோளிலிருந்து மணிக்கட்டு 55 செ.மீ. தூரத்தில் இருக்கும். 90 பாகை மடக்கினால் ஏறத்தாழ 39 செ.மீ. கோணங்கள் தெரியும், நுனி எங்கே என்று காண வேண்டும். எதிர்ப்பக்கம்தான் கடினம்: நுனி போக வேண்டிய இடம் தெரியும், கோணங்களைக் காண வேண்டும். ஒரே இடத்தை முழங்கையை மேலே வைத்தும் தொடலாம், கீழே வைத்தும் தொடலாம் என்று கணக்கு இரண்டு விடைகளைத் தந்துவிடும். நம் முழங்கை பின்பக்கம் மடங்காது என்பதால் ஒரு விடையை உடம்பே அடித்துவிடுகிறது.

இதை நான் ரப்பர் மரத்தடியில்தான் புரிந்துகொண்டேன். மேலே சொன்ன மாமா மீண்டும் வேலைக்குப் போன பிறகு, தோள் வலிக்கிறது என்று வந்தார். மணிக்கட்டு முறிந்தவருக்குத் தோள் ஏன் வலிக்க வேண்டும்? ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். நெற்றியில் விளக்கு. கத்தியை இடப்பக்க மேல்முனையில் வைக்கிறார். வெட்டு அங்கிருந்து வலப்பக்கமாகச் சுமார் 30 பாகை சரிவில் மரத்தை அரைச் சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். கத்தி ஆழமாக இறங்கினால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஆக, கத்திமுனையின் பாதையை மரம் முடிவுசெய்துவிட்டது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும்தான் அதற்கு ஏற்பத் தங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு திரும்ப மறுத்த பாகைகளை அவர் முழங்கையைத் தூக்கித் தோளால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். வெட்டு பிசகவில்லை. பால் கோடு வழியாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. விலையைத் தோள் கொடுத்தது.

அவரால் அப்படி ஈடுகட்ட முடிந்ததற்குக் காரணமும் கணக்கில் இருக்கிறது. முப்பரிமாண வெளியில் ஒரு பொருளை வேண்டிய இடத்தில் வேண்டிய சாய்வில் வைக்க ஆறு தனித்தனி அசைவுகள் போதும்; இடத்துக்கு மூன்று, சாய்வுக்கு மூன்று. நம் கைக்கு ஏழு. தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கை திரும்புவது ஒன்று, மணிக்கட்டில் இரண்டு. அந்த ஒன்று மிச்சம். உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, தோளை நகர்த்தாமல் முழங்கையை மட்டும் மேலும் கீழும் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்த ஏழாவதைக் கண்ணால் காணலாம். பாடநூல் இவற்றைச் ‘சுதந்திர இயக்கக் கூறுகள்’ என்கிறது. நான் ‘அசைவுவழி’ என்று முன்மொழிகிறேன். ‘தோளுக்கு மூன்று அசைவுவழி, முழங்கைக்கு ஒன்று’. சொல்லிப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. கணக்கின் இரண்டு பக்கங்களுக்கு ‘நுனி காணல்’, ‘கோணம் காணல்’ என்று வைக்கலாம். முறையான பெயராக ‘நேர் மூட்டசைவியல்’, ‘நேர்மாறு மூட்டசைவியல்’ இருக்கட்டும். பாடம் நடத்தும்போது முதலில் சொன்னவையே உதவும்.

மூட்டு வகைகளில் பெரிய சிக்கல் இல்லை. சுழல் மூட்டு, சறுக்கு மூட்டு, பந்துக்கிண்ண மூட்டு, திருகு மூட்டு. ‘கீல் மூட்டு’ புத்தகத்தில் உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதவுக் கீலை விஜாகிரி என்பார்கள், மலையாளம் வழியாக வந்த போர்ச்சுகீசியச் சொல். கீலே இருக்கட்டும். முன்கை திரும்பும் இரண்டு அசைவுகளுக்குக் ‘கவிழ்வு’, ‘மலர்வு’ என்பவை போதும். கையைக் கவிழ்த்தால் முன்கையின் ஓர் எலும்பு மற்றதன் மேல் குறுக்கே போகும், மலர்த்தினால் இரண்டும் இணையாக நிற்கும்.

ஆனால் முழங்காலைக் கீல் மூட்டு என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். கீலுக்கு அச்சு ஓரிடத்தில் நிற்கும். முழங்காலில் தொடையெலும்பின் உருண்ட முனை, கீழே உள்ள தட்டையான பரப்பில் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. உருள மட்டும் செய்தால் பின்பக்கமாக விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். மடங்க மடங்கச் சுழலும் மையமும் இடம் மாறிக்கொண்டே போகிறது. காலை நீட்டும்போது கடைசி 20 பாகை அளவில் இன்னொன்று நடக்கிறது: கீழ்க்கால் தானாகச் சற்று வெளிப்பக்கம் திருகிக்கொள்கிறது. அதோடு மூட்டு இறுகிவிடும். தொடைத்தசை அதிகம் உழைக்காமல் நாம் நிற்க முடிகிறது. மறுபடி மடக்க, முழங்காலுக்குப் பின்னால் உள்ள ஒரு சிறிய தசை அந்தத் திருகலை எடுத்துவிட வேண்டும்.

‘ஸ்குரூ ஹோம்’ என்ற இதன் ஆங்கிலப் பெயரை ‘இல்லத் திருகல்’ என்று பட்டியலில் பார்த்தேன். தயவுசெய்து அதை நீக்குங்கள். அங்கே ‘ஹோம்’ என்பது வீடு அல்ல. திருகு முழுவதும் இறங்கி உட்காரும் இடம். இந்த மாவட்டத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்றுத்தரும் ஆசான்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது. எதிரியின் மூட்டை அசையவிடாமல் பிடிப்பது பூட்டு, அதிலிருந்து விடுபடுவது பிரிவு. முழங்கால் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது, தானே பிரித்துக்கொள்கிறது. ‘பூட்டுத் திருகல்’, ‘பிரிவுத் திருகல்’ என்று எழுதலாம். பூட்டும் பிரிவும் மூட்டைக் கையாண்டு கையாண்டு தேய்ந்து மெருகேறிய சொற்கள். அவற்றை விட்டுவிட்டு அகராதியில் வீட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பொறியியல் நண்பர்கள் ‘அசைவியல்’ உடம்புக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நினைத்தால், ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கி முப்பந்தல் காற்றாலைகளை ஒருமுறை பார்க்கட்டும். இறக்கை சுழல்கிறது. தலை, காற்று வரும் பக்கம் பார்த்துக் கோபுரத்தின் மேல் திரும்புகிறது. பல ஆலைகளில் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சிலேயே திரும்பிக் கோணம் மாற்றிக்கொள்கிறது. தலை எத்தனை பாகை திரும்பியது என்பது அசைவியல். கணவாயில் இறங்கும் காற்று அதை எவ்வளவு தள்ளுகிறது என்பது இயக்கவியல். இரண்டையும் இப்படிப் பிரித்துச் சொன்னால் பாலிடெக்னிக் மாணவருக்குக் குழப்பம் வராது.

சென்ற வாரம் மாமாவின் அட்டையில் ‘மூட்டசைவு: மணிக்கட்டுப் பின்வளைவு 60, மலர்வு 75’ என்று எழுதிக் கொடுத்தேன். அவரே எழுத்துக்கூட்டி வாசித்தார். ‘மலர்வு’ என்ற இடம் வந்ததும் உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டி, இதுதானே என்று கேட்டார்.

எனக்கு இன்னும் சரியான சொல் கிடைக்காதது ரோபோக் கையின் முடிவில் மாட்டும் பற்றுக்கருவி, வெல்டிங் முனை, திருப்புளி எல்லாவற்றுக்குமான பொதுப்பெயருக்கு. ‘முனையச் செயலி’ என்று பட்டியலில் இருக்கிறது. இன்று செயலி என்றால் எல்லோரும் செல்பேசியைத்தான் எடுப்பார்கள். ‘கைமுனை’ என்று யோசித்தேன், ஆனால் கத்தியும் கைமுனையா என்று தயக்கமாக இருக்கிறது. தச்சு வேலை, படகு வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்,
மார்த்தாண்டத்திலிருந்து