நுவரெலியா – அம்பேவெல ஒருநாள் சைக்கிள் ஓட்டம்: யாழ்ப்பாணத்துச் சைக்கிள் தாங்குமா?

வடலி:
மாசியில் இரண்டு பேர் நுவரெலியாவில் தங்கி, ஒரு நாளில் ஹக்கல, அம்பேவெல பால்பண்ணை, பட்டிப்பொல சுற்றிவர நினைக்கிறம். ஒன்று கியர் இல்லாத 28 அங்குலச் சைக்கிள், முன்பல்லு 44, பின்பல்லு 18, கம்பி பிறேக். மற்றது 26 அங்குல மவுண்டன் சைக்கிள், கியர் முன்னுக்கு 3, பின்னுக்கு 7. முதலாவதுக்குப் பின்பல்லை மாத்தினால் காணுமா? மலைக்குக் காற்றைக் குறைக்கவேணும் எண்டும் ஒராள் சொல்லுறார், உண்மையோ?

செயின்கவர்:
காணாது. 44க்கு 18 எண்டால் பெடல் ஒருமுறை சுத்த 5.4 மீற்றர் ஓடும். ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீற்றர் போனால் நிமிசத்துக்கு 25 சுத்துத்தான். அது மிதிக்கிறதில்லை, படி ஏறுறது. முழங்காலுக்கு முதல், பெடல் தண்டைப் பிடிச்சிருக்கிற கொட்டர்பின் ஆடத் தொடங்கும். பின்னுக்கு 22 போட்டு, செயினில் ஒரு முழுக் கண்ணி கூட்டினாலும் 4.4 மீற்றர். கியர்ச் சைக்கிள் ஒன்றை இரவல் வாங்குங்கோ. முன் 28, பின் 28 எண்டால் 2 மீற்றர். அதே வேகத்தில் 65 சுத்து வரும்.

மவுண்டனிலும் ஒரு சிக்கல் இருக்கு. எங்கட தட்டை நிலத்தில் பின்பக்கத்துப் பெரிய பல்லை ஒருத்தரும் தொடுறதில்லை. உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடிச்சு இறுகியிருக்கும். மலையில் முதன்முதல் இழுக்கேக்கை செயின் பல்லைத் தாண்டிச் சில்லுக் கம்பிக்குள்ளை விழும், கம்பி அறும். கேபிளையும் உறையையும் புதுசாக்கி, பின்சில்லைத் தூக்கிவைச்சுச் சுத்தி, 'எல்' எண்டு போட்ட ஸ்குறூவைப் பெரிய பல்லோடை நிக்கிற மாதிரி இறுக்குங்கோ.

காற்றுக் கதை பிழை. 1,900 மீற்றரில் வெளியமுக்கம் குறையிறதால் ரயரில் 3 பிஎஸ்ஐ அளவு கூடும். வெப்பம் 30 பாகையிலிருந்து 15க்கு வர அதே அளவு குறையும். 50 அடிச்சால் அங்கேயும் 50தான்.

ஒட்டுப்பெட்டி:
கம்பி பிறேக்கை ஒருத்தரும் கவனிக்கேல்லையே. இரும்பு றிம் நனைஞ்சால் கட்டை வழுக்கும், நாலைஞ்சு சுத்துக்குப் பிறகுதான் பிடிக்கும். நுவரெலியாவில் பின்னேரம் புகாரும் தூறலும் வழமை. அலுமினிய றிம் இல்லாத சைக்கிளை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். இறக்கத்தில் பிறேக்கை அமத்தினபடி வராமல், வளைவுக்கு முதல் இரண்டையும் பிடிச்சு, பிறகு விடுங்கோ. தொடர்ந்து அமத்தினால் றிம் சுட்டு, சொலூசன் இளகிப் பழைய ஒட்டு கழரும். ஒட்டில்லாத ரியூப் போடுங்கோ. மேலதிகமா 2 ரியூப், பிறேக் கட்டை ஒரு சோடி, பம், செயின் கழட்டி.

லயத்துப்பையன்:
எங்க ஊர்ப் பக்கம் வாறீங்க, ரூட்ட சொல்றேன். காலையில 6 மணிக்கே வெலிமடை ரோட்டுல இறங்குங்க. சீதா எலிய, ஹக்கல தாண்டி ரெந்தபொலயில வலது பக்கம் ஏறினா அம்பேவெல. திரும்பி வாறப்ப மீப்பிலிமான, பிளாக்பூல் வழி. மாத்திப் போனா, களைச்ச பிறகு மெயின் ரோட்டு ஏத்தத்துல பஸ்ஸோடயும் லொறியோடயும் மல்லுக்கட்டணும். எல்லாம் சேத்து 50 கிலோமீற்றருக்குள்ளதான், ஆனா தட்டையான இடமே கிடையாது.

பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீற்றர், இலங்கையில அதுதான் ஆக உயரம். அதோட திரும்பிருங்க, ஹோர்ட்டன் சமவெளி ரோடு அதவிடச் செங்குத்து. பண்ணை வாசல் வளைவுகள்ல டிராக்டர் சேறு கிடக்கும், ஈரத்துல சாஞ்சு திரும்பாதீங்க. புல்லுக்குள்ள இறங்கினா அட்டை. ஏறும்போது பால் குடிச்சா வயிறு கனக்கும், ரொட்டியும் சம்பலும் போதும். பால பண்ணையப் பாத்து முடிச்சிட்டுக் குடிங்க. ஏப்ரல் சீசன்ல மட்டும் வந்திடாதீங்க, ரோடு முழுக்க வாகனம்.

வடலி:
நன்றி. கியர்ச் சைக்கிள் தேடுறன். இங்கே மலைக்குப் பழகிறது எப்பிடி?

செயின்கவர்:
தை மாத வாடையில், வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்புங்கோ. காற்று நேரே முகத்தில் அடிக்கும். கிழமைக்கு மூன்று தரம், எழும்பாமல், நிமிசத்துக்கு 65 சுத்துக் குறையாமல். ரயிலெண்டால் பொல்காவலையில் மாறி நானுஓயாவில் இறங்கவேணும். மண்சரிவால் அந்தப் பாதை மூடுறதும் உண்டு, வெளிக்கிட முதல் ஸ்ரேசனில் கேளுங்கோ. சைக்கிளை ஏத்த விடுவினமோ எண்டதையும் அப்பவே கேட்டுவைக்கலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 200 மீற்றருக்கு மேல் ஏற்றம். இரவில் வந்து சேர்ந்தால் ஓடாதையுங்கோ, ஓட்டோவில் ஏத்துங்கோ.