பேச்சு: தடையா, எதிர்ப்பா, பளுவா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

சென்னிமலை, செவ்வாய் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்காக உடற்பயிற்சி பற்றி ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு விசைக்கு எதிராகத் தசையை உழைக்க வைக்கும் 'ரெசிஸ்டன்ஸ் எக்சர்சைஸ்' என்ற இடத்திலேயே நிற்கிறேன். 'தடைப் பயிற்சி' என்று போட்டேன். அடுத்த பத்தி இரத்தக்குழாயைப் பற்றியது. படித்த என் மாமனார், "ஏனுங் மாப்ள, இது அடைப்பு வர வெக்கற பயிற்சிங்களா?" என்கிறார்.

சொல்ல வந்தது இதுதான்: பளு தூக்கும்போது, அதுவும் மூச்சை அடக்கினால், இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாரம் இரண்டு மூன்று நாள் விடாமல் பழகினால், குழாயின் உட்புறத்து ஒற்றையடுக்குச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து, குழாய் வேண்டும்போது விரிந்துகொடுக்கும் திறன் பலருக்குக் கூடுகிறது.

கோபி

'எதிர்ப்புப் பயிற்சி'? விசையை எதிர்த்துத்தானே தசை வேலை செய்கிறது.

ஈரோடு, டாக்டர்

எதிர்ப்பு என்றால் ஜனங்களுக்கு நோய் எதிர்ப்பு, இல்லாவிட்டால் ஆர்ப்பாட்டம். எங்கள் மருத்துவத்தில் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக மசியாத நிலை) வேறு இருக்கிறது. 'எடைப் பயிற்சி' என்று விடுங்களேன்.

சென்னிமலை

ரப்பர் பட்டையை இழுப்பதும், சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்பதும் இதில் சேர்த்திதானுங்க. சுவரை எங்கே எடை போடுவது?

பொள்ளாச்சி, புதன் காலை

நல்ல தமிழ் கையிலிருக்க அலைவானேன்? 'தூக்கு'. "வினைவலியும் தன்வலியும்" எனத் தொடங்கும் குறளில் 'தூக்கிச் செயல்' என்றால் சீர்தூக்கிச் செய்தல். உயர்த்துவதும் நிறுப்பதும் ஒரே சொல்லில்! தொல்காப்பியச் செய்யுளியலிலோ தூக்கு, பாவை நிறுத்து அளக்கும் ஒரு செய்யுள் உறுப்பு. தண்டால் எடுப்பவனும் எண்ணி அளந்துதானே எடுக்கிறான்? 'தூக்குபயிற்சி' என்று எழுதுக. வினைத்தொகை, வல்லினம் மிகாது; ஊறுகாய், சுடுகாடு போல. அப்புறம், இரத்தம் வடசொல். குறுந்தொகை முதற்பாட்டிலேயே 'குருதிப்பூ' இருக்க, 'குருதிக்குழல்' என்றெழுத என்ன கூச்சம்?

ஈரோடு, டாக்டர்

ஐயா, மன்னிக்கணும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவரிடம் 'தூக்கு' என்று தாளை நீட்டி, உதாரணத்துக்குச் சுடுகாட்டையும் காட்டினால் எப்படிங்க? குருதி சரி, 'குருதிக்கொடை' என்று பேனரே வைக்கிறார்கள்.

எனக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. கையில் பட்டையை இறுக்கி 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவோம். விட்டதும் பாய்கிற வேகத்துக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்போம். மதகு திறந்ததும் வாய்க்காலே அகன்று கொடுத்தால் எப்படியோ, அப்படி. 'பாய்வு விரிவு' சரியா?

கோபி

கீழ்பவானிக்காரனிடம் வாய்க்கால் அகலுது என்று சொல்லாதீங்க டாக்டர், தூக்கம் போய்விடும். எங்கள் பாசன வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்ற சண்டையே இன்னும் ஆறவில்லை.

சென்னிமலை, வியாழன் இரவு

மூன்று பேர் தனிச் செய்தியில் 'பளுப் பயிற்சி' என்கிறார்கள், சரி. 'ரப்பர் பட்டையும் பளுவாகவே கொள்க' என்று அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். 'மூச்சை அடக்காதீர்கள்' என்பது மட்டும் பெரிய எழுத்தில். டாக்டரின் பாய்வு விரிவை யாரும் தொடவில்லை, அது அடுத்த அறிக்கைக்கு. காலையில் அச்சகம் போகிறேன்.

பொள்ளாச்சி, வெள்ளி அதிகாலை

பளுவா, பழுவா? விரிவாக எழுதுகிறேன். அதுவரை அச்சை நிறுத்தி வைக்கவும்.