வெப்கேம், டியூப்லைட், ஜன்னல்: உங்களுக்கு என்ன நடந்தது?

மாடிவீடு:
பகலில் வெப்கேமைப் போட்டுப் பார்த்தபோது படம் பளிச்சென்று இருந்தது. நேர்காணல் சாயங்காலம். சோக் வைத்த பழைய டியூப்லைட்டைப் போட்டதுமே முகத்தின் மேல் கறுப்புப் பட்டைகள் ஏற ஆரம்பித்துவிட்டன. எதிரில் இருந்த மேடம் ரொம்ப மரியாதையாக, "உங்க வீட்டில் வோல்டேஜ் பிரச்சினையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. வேலை கிடைத்துவிட்டது, அது வேறு விஷயம். அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துகிறது.

கிழக்கு ஜப்பான்:
வோல்டேஜ் இல்லை நண்பரே, ஹெர்ட்ஸ். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை அலையடிக்கும். டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். கேமரா 60 என்று நினைத்துக்கொண்டு படம் எடுத்தால் கோடு விழும். ஜப்பானில் ஒசாகாவில் இருந்தவரை என் லேப்டாப்பில் ஒரு கோடு கிடையாது. டோக்கியோ ஆபீசுக்கு மாறிய முதல் மீட்டிங்கிலேயே வரிக்குதிரை ஆகிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஃபூஜி ஆற்றைத் தாண்டி வந்துட்டீங்க இல்லையா" என்றார். அந்த ஆற்றுக்கு மேற்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், கிழக்கே 50! விண்டோஸ் கேமரா செயலியின் வீடியோ செட்டிங்கில் ஃப்ளிக்கர் (வெளிச்சம் துடிப்பது) குறைப்பு இருக்கும். 50 ஆக்குங்கள்.

ரிங்லைட் விரோதி:
50 போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். எனக்கு 50-இல் வைத்தும் கோடு வந்தது. மகளின் பாட்டு வகுப்புக்கு ரிங் லைட் (வளைய வடிவ எல்இடி விளக்கு) வாங்கி, கண் கூசுகிறது என்று பாதியாகக் குறைத்தேன். "அப்பா, டீச்சர் முகத்தில் கோடு ஓடுதுன்னு சொல்றாங்க" என்று பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள். முழு வெளிச்சத்தில் வைத்தால் கோடு இல்லை. அணைந்து அணைந்து எரிந்துதான் அது வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த வேகத்துக்கும் கரண்டின் ஹெர்ட்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

கடைசி பெஞ்ச்:
எனக்குக் கோடு இல்லை, முகமே இல்லை. ராத்திரி ஆன்லைன் தேர்வு, தலைக்கு மேல் ஒரு மஞ்சள் பல்பு. நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், "முகம் தெரியவில்லை" என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. நான் கறுப்பு. 2009 டிசம்பரில் ஹெச்பி கம்ப்யூட்டரின் வெப்கேம் ஒரு கறுப்பினத்தவரின் முகத்தைப் பின்தொடராத வீடியோ பரவியதே, அப்போதும் கம்பெனிக்காரர்கள் வெளிச்சம் போதாததைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அதே வெளிச்சத்தில் கூட இருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை மட்டும் எப்படிப் பின்தொடர்ந்ததாம்?

ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்:
எங்கள் வீட்டம்மா பேரனுக்குக் கையாட்டினால் அங்கே புகைதான் தெரிகிறதாம். என் கதை அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இருட்டில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 30 ஃப்ரேம் (படம்) எடுப்பது 15 ஆகிவிடும். அதனால் கேமராவைச் சோதிக்கும்போது சும்மா உட்கார்ந்து பார்க்காதீர்கள், கையை ஆட்டிப் பாருங்கள். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஜன்னல் எதிரே, ஜன்னல் முதுகுக்குப் பின்னால், டியூப்லைட் மட்டும், ஸ்கிரீன் வெளிச்சம் மட்டும் என்று தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். மஞ்சளோ நீலமோ அடித்தால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் செட்டிங்) ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே வையுங்கள். ஜன்னல் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) நீங்களே ஏற்றுங்கள், வெளியே வெளுத்துப் போனால் போகட்டும். 4கே கேமரா வாங்க ஓடாதீர்கள். முதலில் மேஜையைத் திருப்பிப் போடுங்கள்.

கடைசி பெஞ்ச்:
சார், தேர்வில் கையில் தாள் தெரிந்தால் அப்படியே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஜன்னலும் கிடையாது, ஹாஸ்டல் ரூம்.