இறங்குதண்டும் சங்கிலிநகர்த்தியும்: 'கம்பியில்லா' என்ற அடை எங்கே வேண்டும்?

மதிப்பிற்குரிய குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதை மிதிவண்டிகளில் பரவிவரும் இரண்டு கருவிகளுக்கு, அதாவது கம்பியின்றி இயங்கும் கியர் மாற்றும் பொறிக்கும், ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவும் தண்டாகிய டிராப்பர் போஸ்ட்டுக்கும், இந்த இழையில் இதுவரை வந்த தமிழ்ப் பெயர்ப் பரிந்துரைகளை முழுமையாகப் படித்தேன். பெரும்பாலானவை 'கம்பியில்லா' என்ற அடையுடன் தொடங்குகின்றன. இரண்டிலும் கம்பி போய்விட்டது உண்மைதான். ஆனால் அதனால் இரண்டுக்கும் கிடைத்த ஆதாயம் ஒரே அளவு அன்று. ஒவ்வொரு கருவியும் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தால், இந்த அடையை எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்பதும் தெளிவாகிவிடும்.

முதலில் கியர் மாற்றும் பொறி. 'மின்மாற்றி' என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அது டிரான்ஸ்பார்மருக்கு நிலைபெற்றுவிட்ட சொல். அதை இங்கே கொண்டுவந்தால் படிப்பவர் மின்கம்பத்தைத்தான் நினைப்பார். 'பல்மாற்றி' என்றால் பல் மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும். அதைவிட, இந்தப் பொறி உண்மையில் எதையும் மாற்றுவதில்லை என்பதே என் முதன்மையான மறுப்பு. பற்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இது சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த சக்கரத்தின் மேல் ஏற்றுகிறது, அவ்வளவே. ஆகவே 'சங்கிலிநகர்த்தி' என்பதை முன்வைக்கிறேன். கம்பியால் இழுக்கப்படுவது, மோட்டாரால் நகர்வது ஆகிய எல்லா வகைகளுக்கும் அது பொருந்தும்.

இந்தக் கருவியைப் பொறுத்தவரை கம்பி இல்லாமை வெறும் அலங்காரம் அன்று. பின்சக்கரத்தில் 12 பற்சக்கரங்கள் இருக்கும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. இழுகம்பி (கேபிள்) வகையில் கைப்பிடியிலிருந்து பின்சக்கரம் வரை கம்பி எவ்வளவு நகர்கிறதோ அதுவே சங்கிலி நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிறது. உறைக்குள் சேறு புகுந்தாலோ, சட்டத்தினுள் வளைவில் உரசினாலோ, கம்பி சிறிது தளர்ந்தாலோ சங்கிலி இரண்டு சக்கரங்களுக்கு நடுவே தடுமாறி 'கடகட' என்று சத்தமிடத் தொடங்கும். கம்பியில்லா வகையில் பொத்தானிலிருந்து போவது ஒரு செய்தி மட்டுமே. எவ்வளவு நகர வேண்டும் என்பதைப் பின்சக்கரத்தின் அருகிலேயே இருக்கும் மோட்டார் பார்த்துக்கொள்கிறது, சேறு அந்த அளவைக் கெடுக்க முடியாது. 2019-இல் ஸ்ராம் நிறுவனம் ஈகிள் ஏஎக்ஸ்எஸ் என்ற கம்பியில்லா வரிசையை வெளியிட்டபோது, பாறையில் மோதினால் மோட்டார் தற்காலிகமாக விடுபட்டுப் பொறி உள்ளே மடங்கி, பின் பழைய இடத்துக்கே திரும்பும் ஏற்பாட்டையும் அதில் சேர்த்திருந்தது. மலைப்பாதைக்கு அது மிகவும் தேவையான ஒன்று.

குறையும் உண்டு. பேட்டரி தீர்ந்தால் சங்கிலி இருக்கும் சக்கரத்திலேயே நின்றுவிடும். ஆனால் இழுகம்பி அறுந்தால் நடப்பது அதைவிட மோசமானது: சுருள்வில் பொறியை வெளிப்பக்கம் இழுத்துவிட, சங்கிலி மிகச் சிறிய சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அந்தச் சக்கரத்தில் செங்குத்தான ஏற்றத்தை மிதித்து ஏறுவது பெரும்பாலோருக்கு இயலாத காரியம். விலை மட்டும்தான் எனக்குத் தயக்கம் தருகிறது. வண்டியின் பாகங்களிலேயே பாறையில் அடிபடும் வாய்ப்பு மிக அதிகமுள்ளவற்றில் ஒன்றை, சாதாரண வகையைவிடப் பல மடங்கு விலையில் மாட்டுவது எல்லோருக்கும் ஏற்றதன்று.

இனி டிராப்பர் போஸ்ட். இதற்கு வந்த 'விழுதண்டு', 'மின்னணு இருக்கைத் தண்டு', 'மலைத்தண்டு' ஆகிய மூன்றும் கருவியைத் தவறாகக் காட்டுகின்றன. ஓட்டுநர் செங்குத்தான இறக்கத்தின் விளிம்பை நெருங்குகிறார். கைப்பிடியிலுள்ள நெம்பை (லீவரை) இடக்கைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். இருக்கையின் மேல் ஒரு கணம் உட்கார்ந்து உடல் எடையால் அதைக் கீழே அழுத்துகிறார். விரலை எடுத்ததும் தண்டு அந்த உயரத்திலேயே பூட்டிக்கொள்கிறது. இருக்கை வழியில் இல்லாததால் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தாழ்ந்து நிற்க முடிகிறது. இறக்கம் முடிந்ததும் எடையை எடுத்துவிட்டு மறுபடி நெம்பை அழுத்தினால், உள்ளே அடைபட்ட காற்று தண்டை மேலே தள்ளி 'டக்' என்ற ஒலியுடன் உச்சியில் நிறுத்துகிறது. எனவே அது தானாக விழுவதில்லை. இறக்குவது ஓட்டுநரின் எடை, ஏற்றுவது காற்றழுத்தம். கம்பியில்லா வகையிலும் மோட்டார் தண்டைத் தூக்குவதில்லை, ஒரு வால்வைத் திறக்கிறது, மூடுகிறது. 'மின்னணு இருக்கைத் தண்டு' என்று எழுதினால், பொத்தானை அழுத்தியதும் லிஃப்ட் போல ஏறி இறங்கும் என்றுதான் படிப்பவர் நம்புவார். 'மலை' என்ற அடையும் வேண்டாம். 2022-இல் மிலான்-சான் ரெமோ சாலைப் பந்தயத்தை வென்ற மதேய் மோஹோரிச் இத்தகைய தண்டைப் பொருத்திய வண்டியில்தான் கடைசி இறக்கத்தில் முந்திச் சென்றார்.

என் பரிந்துரை 'இறங்குதண்டு'. இறங்குமுகம், இறங்குதுறை என்று பழகிய வடிவம் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'தாழ்தண்டு' என்பதையும் எண்ணிப் பார்த்தேன். தாழ் என்பதற்குப் பூட்டும் தாழ்ப்பாள் என்ற பொருளும் உண்டு, இந்தத் தண்டும் பூட்டிக்கொள்கிறது என்பதால் அது அழகான பொருத்தம். எனினும் பேச்சில் அது 'தாழ்ந்த தண்டு' என்று நிலையாகக் குட்டையான ஒன்றைக் குறிப்பதுபோல ஒலிக்கிறது.

இறங்குதண்டுக்குக் கம்பி இல்லாமை தேவையா என்றால், பெரும்பாலும் இல்லை என்பேன். இங்கே இழுகம்பியின் வேலை வால்வைத் திறப்பது மட்டுமே. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தண்டின் போக்கில் வேறுபாடு தெரியாது. சங்கிலிநகர்த்தியைக் கெடுக்கும் அளவு உரசல் இங்கே நெம்பைச் சற்றுக் கடினமாக்குவதோடு நின்றுவிடும். அதே பேட்டரி சங்கிலிநகர்த்தியில் சுமார் 20 மணி நேரமும் இறங்குதண்டில் சுமார் 40 மணி நேரமும் ஓடும் என்று ஸ்ராம் நிறுவனம் சொல்லும் கணக்கே, தண்டில் மோட்டாருக்கு வேலை எவ்வளவு குறைவு என்பதைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு, இருக்கையின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும் பேட்டரி, சிறிய சட்டமும் பெரிய சக்கரமும் கொண்ட வண்டியில் பின்சக்கரத்தை உரசும் ஆபத்தும் இருக்கிறது. சட்டத்தினுள் கம்பி செலுத்த வழியில்லாத வண்டிக்கும், தண்டை அடிக்கடி கழற்றி வேறொரு வண்டியில் மாட்டுபவருக்கும் அது நல்ல வசதி. மற்றவர்கள் அந்தப் பணத்தில் கூடுதல் நீளம் இறங்கும் இழுகம்பித் தண்டை வாங்குவது மேல். பேட்டரியைத் தண்டிலிருந்து கழற்றிச் சங்கிலிநகர்த்தியில் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியது சரியே. ஆயினும் அதற்காக ஒரு தண்டு வாங்குவது விலை மிகுந்த உபரி பேட்டரி வாங்குவதற்குச் சமம்.

'கம்பியில்லா' என்ற அடையை அதனால் பெயருக்குள் புகுத்தாமல், வகையைக் குறிக்க மட்டும் முன்னால் வைக்கலாம். அதிலும் ஒரு கவனம் தேவை. மிதிவண்டியில் கம்பி என்பது இழுகம்பியையும் குறிக்கும், மின்கம்பியையும் குறிக்கும். ஷிமானோ நிறுவனம் 2009-இல் சாலை வண்டிகளுக்குக் கொண்டுவந்த டிஐ2 என்ற மின்னணுச் சங்கிலிநகர்த்தியில் இழுகம்பி இல்லை, மின்கம்பி இருந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1999-இல், மாவிக் நிறுவனம் மின்கம்பியும் இல்லாத ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. இழுகம்பி வகை, மின்கம்பி வகை, கம்பியில்லா வகை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னால் குழப்பம் வராது. 'மின்னணு' என்ற சொல்லைச் சங்கிலிநகர்த்திக்குத் தேவைப்படும் இடத்தில் சேர்க்கலாம், இறங்குதண்டுக்கு வேண்டாம்.

கைப்பிடியில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இன்னும் சொல் அமையவில்லை. சுவிட்ச் என்ற பொருளில் 'விசை' என்று இருவர் எழுதியுள்ளனர். ஆனால் மிதிவண்டி பற்றிய கட்டுரையில் மிதிக்கும் விசையும் அடிக்கடி வருமே என்று தயங்குகிறேன். இழுகம்பி வகைக்கு நெம்பு, கம்பியில்லா வகைக்குப் பொத்தான் என்று இரண்டாக வைத்துக்கொள்வதா, இரண்டையும் அடக்கும் ஒரே சொல் கிடைக்குமா என்பதை இயந்திரவியல் அறிந்த அன்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.