மெர்கி தீவுகளுக்குள் வந்த நீர்மூழ்கி: சின்னக் கப்பல்களைச் சுட்டதற்கு இவ்வளவு பெரிய பதக்கமா?

தவாய்ப் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் தவாய்க்காரர்கள், இப்போது யாங்கோனில் இருக்கிறோம். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பர்மாவின் தெற்குக் கரையோரம் இருக்கும் மெர்கி தீவுகளுக்குள் இங்கிலீஷ்காரர்களின் நீர்மூழ்கி வந்து ஜப்பான் கப்பல்களைச் சுட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேடிப் பார்த்ததில் ஸ்டார்ம் என்ற நீர்மூழ்கியும் அதன் கேப்டன் எட்வர்ட் யங்கும் கிடைத்தார்கள், டி.எஸ்.ஓ., டி.எஸ்.சி. என்ற இங்கிலீஷ் வீரப் பதக்கங்கள் இரண்டும் வாங்கியவர். ஆனால் 1944 ஆகஸ்டில் தவாய்த் தீவில் அவர் மூழ்கடித்ததெல்லாம் கரையோரம் சரக்கு ஏற்றிப் போகும் சிறிய கப்பல்கள்தான். போர்க்கப்பலை அடித்தால் வீரம், இதில் என்ன வீரம் என்று என் நண்பர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்த பெரியவர்கள் சொல்லுங்கள்.

பழைய கப்பல்காரன்:
தம்பி, உங்கள் நண்பர் கப்பலின் அளவைப் பார்க்கிறார், நீர்மூழ்கி நின்ற இடத்தைப் பார்க்கவில்லை. நீர்மூழ்கிக்கு ஒரே கவசம் ஆழம். தவாய்த் தீவின் நங்கூரத்துறை தீவுகளுக்கு நடுவே அடைபட்ட இடம், அங்கே பகலில் தண்ணீருக்கு மேலே வந்து பீரங்கியால் சுடுவது என்றால் அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான். தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோவை மறைந்திருந்து விடலாம், பீரங்கியை அப்படிச் சுட முடியாது. பீரங்கிக்காரர்கள் ஈரத் தளத்தில் மறைப்பே இல்லாமல் நிற்பார்கள், குண்டுகளைக் கீழே இருந்து கை மாற்றி மாற்றி மேலே ஏற்ற வேண்டும், எதிரியும் சும்மா இருக்க மாட்டான். தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் உள்கூட்டில் ஒரு குண்டு ஓட்டை போட்டால் போதும், அப்புறம் மூழ்கவே முடியாது, விமானம் வந்தால் கதை முடிந்தது. இதெல்லாம் தெரிந்தேதான் நாற்பது ஐம்பது பேரை அவர் உள்ளே கூட்டிப் போனார். பொதுவாக நீர்மூழ்கிக் கேப்டனுக்குப் பதக்கம் ஒரு நாள் சண்டைக்காகக் கொடுப்பதில்லை, பல ரோந்துகளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

இன்னொன்று, யங் கடற்படையிலேயே வளர்ந்தவர் அல்ல. புத்தகக் கம்பெனியில் வேலை பார்த்தவர், பெங்குவின் புத்தகங்களில் இருக்கும் அந்தப் பறவைச் சின்னத்தை முதலில் வரைந்தது அவர்தான். சண்டைக்காகச் சேர்ந்த அப்படிப்பட்ட தன்னார்வ அதிகாரிகளில், போர்க்களத்துக்குப் போகும் நீர்மூழ்கிக்குக் கேப்டனான முதல் ஆள் அவர். 1941 ஜூலையில் வட கடலில் அம்பயர் என்ற நீர்மூழ்கியில் இருந்தார், ராத்திரியில் சொந்தப் படையின் டிராலர் கப்பலே (மீன்பிடிக் கப்பல் வகை) மோதி அது மூழ்கிவிட்டது. 22 பேர் போனார்கள். யங் கடலடியில் கிடந்த கப்பலின் கோபுரத்துக்குள் ஏறி, மூடியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தார். கூட ஏறியவர்களில் சிலர் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகும் நீர்மூழ்கியே வேண்டும் என்று திரும்பிப் போன மனிதரைப் பற்றித்தான் உங்கள் நண்பர் என்ன வீரம் என்கிறார்.

மோல்மீன் ஆசிரியர்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த அம்பயரின் கேப்டன் மெர்வின் விங்ஃபீல்டும் பிழைத்தார், அவரும் நம் பக்கம்தான் வந்தார். 1943 நவம்பர் 13 அன்று டாரஸ் நீர்மூழ்கியில் இருந்து பினாங்குக்கு வெளியே ஜப்பானின் ஐ-34 நீர்மூழ்கியை அடித்தது அவர்தான். பெரிய போர்க்கப்பல்தான் கணக்கு என்றால் டாலி-ஹோ நீர்மூழ்கியின் கேப்டன் பென்னிங்டன் இருக்கிறார், 1944 ஜனவரி 11-ல் கூமா என்ற ஜப்பான் குரூசரை, அதாவது பெரிய போர்க்கப்பலை, மூழ்கடித்தார். அடுத்த மாதமே ராத்திரியில் ஒரு ஜப்பான் டார்பிடோ படகு அவர் கப்பல் மேல் ஏற வந்து, விலா ஓரமாக உரசிக்கொண்டு போனதில் அதன் சுழலி மூழ்கவும் மிதக்கவும் உதவும் இடது பக்கத்து மிதவைத் தொட்டிகளை வரிசையாகக் கிழித்துவிட்டது. அந்தக் கிழிசலோடு மூழ்கிப் பதுங்கி, திரிகோணமலை வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

தன்பியூசயாட் மகள்:
எல்லாம் சரிதான் அண்ணே, ஆனால் அந்தச் சின்னக் கப்பல்கள் ஏன் முக்கியம் என்று யாரும் சொல்லவில்லையே. பர்மாவில் இருந்த ஜப்பான் படைக்கு அரிசியும் குண்டும் கடல் வழியாக வருவது ஆபத்தாகிப்போனதால்தான் எங்கள் ஊரில் இருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள், 1943 அக்டோபரில் இரண்டு பக்கமும் சேர்ந்தது. மலாயாவில் இருந்து ஆயிரம் ஆயிரமாகப் பிடித்து வந்த நம் தமிழ் ஆட்கள் அந்தப் பாதையில்தான் செத்தார்கள். போர்க் கைதிகளுக்கு எங்கள் ஊரில் அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது, அங்கே நம் கூலிகளின் பெயரைத் தேடினால் கிடைக்காது. யங் வீரர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கடலிலே அவர்கள் அடித்ததும் கரையிலே நம் ஆட்கள் பட்டதும் ஒரே கதை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தவாய்ப் பேரன்:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. நண்பருக்கு இதை அப்படியே படித்துக் காட்டுகிறேன். ரயில் பாதை விஷயத்தை நான் இதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. மெர்கியில் நம் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அந்தக் கப்பல்களில் வேலை பார்த்த உள்ளூர்க் குடும்பங்களைப் பார்த்துப் பேச வேண்டும், அவர்கள் வாயால் கேட்டு எழுதி வைக்க ஆசை.